சுத்தியல் வேண்டாம், டீச்சர்

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2019-இல் வாங்கிய சாம்சங் போன் ஒன்று வைத்திருக்கிறேன். மகன் புதிது வாங்கி அனுப்பிவிட்டதால், பழையதை விற்கலாம் என்று ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். 4,500 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். "அப்படியே வச்சிட்டுப் போங்கம்மா, நாங்களே ஃபார்மட் அடிச்சிக்கிறோம்" என்றார்கள். மனசு கேட்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன். இரண்டு நாளாக உட்கார்ந்து படங்களையும் போன் நம்பர்களையும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறேன். என் தம்பி மகனோ, "நீங்க என்ன அழிச்சாலும் திரும்ப எடுத்துருவாங்க அத்தை, சுத்தியலால உடைச்சுப் போட்ருங்க" என்கிறான். மறைந்த என் கணவர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய குரல் பதிவுகளும் அந்தப் போனில்தான் இருக்கின்றன. இது போக, 2014-இல் வாங்கிய, டச் வேலை செய்யாத போன் ஒன்றும் பீரோவில் கிடக்கிறது. இரண்டையும் என்ன செய்வது?

பதில்:

டீச்சர், இதைப் படித்த கையோடு அந்த அழிக்கிற வேலையை நிறுத்துங்கள். நீங்கள் அழிப்பது பழைய போனில் மட்டும்தான் அழிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் போனில் உங்கள் கூகுள் கணக்கு இன்னும் திறந்துதான் இருக்கும். அது திறந்திருக்கும்வரை, இங்கே ஒரு போன் நம்பரை அழித்தால் கணக்கிலிருந்தே அது போய்விடும். மகன் அனுப்பிய புதுப் போனிலும் காணாமல் போகும். கூகுள் ஃபோட்டோஸ் ஆப்பில் அழித்த படத்துக்கும் அதே கதிதான். பழைய போனைக் காலி செய்கிறேன் என்று புதுப் போனைக் காலி செய்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பதற வேண்டாம், இரண்டு நாள்தானே ஆகிறது. கூகுள் ஃபோட்டோஸில் 'டிராஷ்' என்று ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறது. கணக்கில் ஏற்கனவே சேமிக்கப்பட்ட படமாக இருந்தால், அழித்த பிறகும் 60 நாள் அங்கே கிடக்கும். சேமிக்கப்படாத படம் 30 நாள். கூகுள் கான்டாக்ட்ஸிலும் அதே மாதிரி 30 நாள் தவணை உண்டு. சாம்சங்கின் கேலரி ஆப்பில் அழித்திருந்தால், அதற்குத் தனியாக ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறது, அதையும் பாருங்கள். வேண்டியதை எல்லாம் மீட்டெடுத்த பிறகு மேலே படியுங்கள்.

இப்போது உங்கள் தம்பி மகன் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது பொய் இல்லை, பழைய உண்மை. 2014-இல் அவாஸ்ட் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனம் ஈபே தளத்தில் 20 பழைய ஆண்ட்ராய்டு போன்களை வாங்கிப் பார்த்தது. விற்றவர்கள் அழித்துவிட்டதாக நினைத்த 40,000-க்கும் மேற்பட்ட படங்களை அவற்றிலிருந்து எடுத்தார்கள். அடுத்த வருஷம், 2015-இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாரன்ட் சைமனும் ராஸ் ஆண்டர்சனும் 5 கம்பெனிகளின் 21 செகண்ட் ஹேண்ட் போன்களைச் சோதித்தார்கள். எல்லாம் ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரையிலானவை. 'ஃபேக்டரி ரீசெட்' செய்த பிறகும், அதாவது எல்லாவற்றையும் அழித்துக் கடையிலிருந்து வந்த நிலைக்குப் போனைத் திருப்பிய பிறகும், குறுஞ்செய்திகள், படங்கள், கூகுள் கணக்குக்குள் நுழையும் அடையாளக்குறி வரை மீட்க முடிந்தது. அந்தச் செய்திதான் பத்து வருஷமாக வாய்வழியாகச் சுற்றி உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது.

ஏன் மீட்க முடிந்தது என்பதை உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். வருகைப் பதிவேட்டில் ஒரு பையன் பெயரை அடித்துவிட்டால் பையன் வகுப்பை விட்டுப் போய்விடுவானா? பெஞ்சிலேயேதான் உட்கார்ந்திருப்பான். அந்த இடத்தில் புதுப் பையன் வந்து உட்காரும்வரை அவன் அங்கேதான். ஒரு கோப்பை அழிப்பது என்பது பதிவேட்டில் பெயரை அடிப்பதுதான். பதிவேட்டைப் பார்க்காமல் நேராக வகுப்புக்குள் போய் பெஞ்சு பெஞ்சாகப் பார்க்கிற மென்பொருள்தான் 'ரிக்கவரி' மென்பொருள். பழைய போன்களில் ஃபேக்டரி ரீசெட்டும் பெரும்பாலும் பதிவேட்டைக் கிழித்துப் போட்டதோடு நின்றுவிட்டது.

அதற்கு அப்புறம் நிலைமை மாறிவிட்டது. ஆண்ட்ராய்டு 6 வந்த 2015 முதல், போதிய வேகமுள்ள புதுப் போன்கள் எல்லாம் கடையிலிருந்து வரும்போதே உள்ளிருக்கும் தகவலைப் பூட்டி, அதாவது என்கிரிப்ட் செய்து வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்தது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது விலை குறைந்த போன்களுக்கும் சேர்த்து அதைக் கட்டாயமாக்கினார்கள். ஐபோனில் இது 2009-இல் வந்த 3ஜிஎஸ் மாடலிலேயே தொடங்கிவிட்டது. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படமும் மெமரிக்குள் போகும்போதே புரியாத எழுத்தாக மாறித்தான் போகிறது. அதைப் படிக்கும் சாவி போனுக்குள்ளேயே ஒரு பாதுகாப்பான மூலையில் இருக்கிறது. ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் போன் அந்தச் சாவியை அழித்துவிடுகிறது. பெஞ்சில் பையன்கள் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் ஒரு முகம்கூட அடையாளம் தெரியாது. 64 ஜிபி போன் சில நிமிஷத்தில் ரீசெட் ஆகிவிடுகிறதே, அத்தனையையும் அதற்குள் எப்படித் துடைத்தது என்று சிலர் சந்தேகப்படுவார்கள். துடைக்கவில்லை, சாவியைத்தான் அழித்தது. அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தரநிர்ணய அமைப்பு தகவல் அழிப்புக்கென்று வெளியிட்டிருக்கும் வழிகாட்டியிலும் இந்தச் சாவி அழிப்பு ஒரு முறையான வழியாக இடம்பெற்றிருக்கிறது.

என் கடை அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். மொபைல் சர்வீஸ் தொழிலுக்கு வந்து 18 வருஷம் ஆகிறது. ஆரம்ப காலத்தில் தண்ணீரில் விழுந்து செத்த போனிலிருந்து மெமரி சிப்பைச் சூடு காட்டிக் கழற்றி, தனியாக ரீடரில் போட்டு 'டம்ப்' எடுப்போம், அதாவது உள்ளிருப்பதை மொத்தமாக நகல் எடுப்போம். கல்யாணப் படமெல்லாம் அப்படியே வரும், வாடிக்கையாளர் கண் கலங்கிவிடுவார். இன்றைக்கு அதே வேலையைப் புதுப் போனில் செய்தால் வருவது வெறும் குப்பை. 'தெரியாம ரீசெட் குடுத்துட்டேன் அண்ணே, குழந்தை போட்டோ மட்டுமாவது எடுத்துக் குடுங்க' என்று மாதத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். கூகுளில் சேமித்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை என்று கைவிரித்து அனுப்புகிறேன். அவர்களுக்குத் துக்கமான அந்தப் பதில்தான், போனை விற்கப் போகும் உங்களுக்கு நல்ல செய்தி.

ஆக, 2019 போனை அழிப்பது பத்து நிமிஷ வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் வேலை. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் கணவரின் குரல்.

வாட்ஸ்ஆப் பேக்கப் எடுத்தால் குரல் பதிவுகளும் சேர்ந்து போகும் என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் எனக்கு அதில் மட்டும் நம்பிக்கை வைக்க மனசு வராது. இடையில் யாராவது 'இடம் போதவில்லை' என்று மீடியாவைக் காலி செய்திருக்கலாம், பேக்கப் நாலு மாதமாக ஓடாமல் நின்றிருக்கலாம். எனவே கோப்பாகவே தனியாக எடுத்து வையுங்கள். போனில் 'மை ஃபைல்ஸ்' என்ற ஆப்பைத் திறந்து, இன்டர்னல் ஸ்டோரேஜுக்குள் 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸ்ஆப் பெயருள்ள ஃபோல்டர், அதற்குள் இன்னொரு 'வாட்ஸ்ஆப்', அதற்குள் மறுபடி ஒரு 'மீடியா' என்று போனால் 'வாட்ஸ்ஆப் வாய்ஸ் நோட்ஸ்' கிடைக்கும். அங்கே இல்லையென்றால் இன்டர்னல் ஸ்டோரேஜின் முதல் பக்கத்திலேயே வாட்ஸ்ஆப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். 2021-க்கு முன்னால் எல்லாம் அங்கேதான் சேர்ந்தது. உள்ளே போனால் எண்களாக ஃபோல்டர்கள் இருக்கும். 202115 என்றால் 2021-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம் என்று அர்த்தம். கோப்பின் பெயரிலும் தேதி இருக்கும். எந்த மாதத்துப் பதிவு என்று நினைவிருந்தால் தேடுவது சுலபம். அனுப்பியவர் யார் என்று மட்டும் பெயரில் இருக்காது, அதனால் மொத்த ஃபோல்டரையும் அப்படியே எடுத்துவிடுவதுதான் நல்லது. யூஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டருடன் இணைத்து, கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி என்று இரண்டு இடத்தில் வையுங்கள். வைத்தால் மட்டும் போதாது. பிரதியிலிருந்து நாலைந்து பதிவுகளைப் போட்டுக் காதால் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தோன்றாது. கால் ரெக்கார்டிங். அந்தப் போனில் அழைப்புகளைப் பதிவு செய்யும் வசதியை யாராவது ஆன் செய்து வைத்திருந்தால், கணவருடன் பேசிய பேச்சுகளே இருக்கலாம். இவை வாட்ஸ்ஆப் பேக்கப்பில் வராது, கூகுள் ஃபோட்டோஸிலும் ஏறாது. மை ஃபைல்ஸில் 'ஆடியோ' என்ற பகுதியைத் திறந்து மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பாருங்கள். வாய்ஸ் ரெக்கார்டரில் பதிந்தவையும் அங்கே தெரியும். அதே போல, சாம்சங்கில் 'செக்யூர் ஃபோல்டர்' என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் மறைத்து வைத்த படங்கள் கேலரியில் தெரியாது, ரீசெட்டில் போனால் போனதுதான். நீங்கள் பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவைத்தேன்.

மற்ற படங்கள், நம்பர்கள், குறுஞ்செய்திகளைப் புதுப் போனுக்கு மாற்ற மகன் ஒரு வார இறுதியில் வந்தால் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். வாட்ஸ்ஆப்பைப் பழைய போனில் கடைசியாக ஒரு முறை பேக்கப் எடுத்துவிட்டு, சிம்மைப் புதுப் போனில் போட்டு அதே நம்பரில் திறந்தால் இங்கே தானாக மூடிக்கொள்ளும். ஜிபே, போன்பே மாதிரி ஏதாவது வைத்திருந்தால் புதுப் போனில் பதிவு செய்து, மகனுக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். போனால் சரி. யூபிஐ ரகசிய எண் போனுக்குள் சேமிக்கப்படுவதில்லை, அதனால் அந்தப் பயம் வேண்டாம். பென்ஷன் வரும் பேங்க் ஆப்பையும் புதுப் போனில் திறந்து பார்த்துவிடுங்கள். இத்தனையும் முடிந்த பிறகும் பழைய போனை ஒரு வாரம் வீட்டிலேயே வைத்திருங்கள். 'அந்த ரசீதின் படம் எங்கே' என்று நினைவு வருவது எப்போதுமே நாலாவது நாளில்தான்.

ஒரு வாரம் ஆனதும் அழிப்புக்கு வரலாம்.

முதலில் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். உங்கள் போனில் கார்டு இருக்கிறதா என்று எழுதவில்லை, அந்தக் காலத்து சாம்சங்கில் பெரும்பாலும் இருக்கும். இங்கேதான் ஜனங்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். நான் இதுவரை சொன்ன பூட்டும் சாவியும் போனுக்குள் இருக்கும் மெமரிக்கு மட்டும்தான். நீங்களாக எதுவும் மாற்றியிருக்காவிட்டால் கார்டில் எல்லாம் பூட்டில்லாமல் கிடக்கும். ரீசெட் கொடுத்தாலும் கார்டு அப்படியே இருக்கும், தனியாக ஃபார்மட் அடித்தாலும் அது பதிவேட்டில் பெயரை அடிக்கிற கதைதான். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளே போதும், எடுத்துவிடலாம். சில நூறு ரூபாய்ப் பொருள், கொடுக்கவே கொடுக்காதீர்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டு, ஃபார்மட் செய்யும் இடத்தில் 'குவிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள். அது ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யத்தை எழுதிக்கொண்டு போகும், நேரம் ஆகும்.

அடுத்து கணக்குகள். செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' பகுதிக்குப் போய் கூகுள் கணக்கை நீக்குங்கள், சாம்சங் கணக்கு இருந்தால் அதையும் நீக்குங்கள். நீக்குவது என்றால் அந்தப் போனிலிருந்து வெளியே வருவது மட்டும்தான், கணக்கு பத்திரமாக இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 காலத்திலிருந்து ஒரு திருட்டுத் தடுப்பு இருக்கிறது. எங்கள் தொழிலில் 'எஃப்ஆர்பி லாக்' என்போம். கணக்கை நீக்காமல், பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி 'ஹார்ட் ரீசெட்' அடித்தால், போன் மறுபடி எழுந்திருக்கும்போது பழைய கணக்கைக் கேட்டு நின்றுகொள்ளும். வாங்கியவருக்கு அது செங்கல். அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வரும்: "அம்மா, உங்க ஜிமெயில் பாஸ்வேர்டு சொல்லுங்க, ஒரு ஓடிபி வரும், அதையும் சொல்லுங்க." சொல்லிவிட்டால் இத்தனை நாள் பார்த்துப் பார்த்து அழித்ததற்கு அர்த்தமே இல்லை, கணக்கே அவர் கையில். அப்படி ஒரு நிலைமை வந்தால் போனை எடுத்துவரச் சொல்லி, நீங்களே உங்கள் கையால் டைப் செய்யுங்கள்.

கணக்குகள் போனதும் செட்டிங்ஸில் 'ஜெனரல் மேனேஜ்மென்ட்', அதற்குள் 'ரீசெட்', அதற்குள் 'ஃபேக்டரி டேட்டா ரீசெட்'. கீழே வரை தள்ளினால் பட்டன் வரும். உங்கள் பின் நம்பரைக் கேட்கும், கடைசியாக 'டெலீட் ஆல்'. பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது செய்யுங்கள். (வேறு வாசகர்கள் ஐபோன் வைத்திருந்தால் செட்டிங்ஸ், ஜெனரல், கடைசியில் 'டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட்', அதில் 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்டு செட்டிங்ஸ்'. ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும், அதைக் கொடுத்தால்தான் பூட்டும் அவிழும்.) போன் திரும்ப எழுந்து, மொழியைத் தேர்ந்தெடு என்று கேட்கும். வைஃபையில் இணைத்து இரண்டு பக்கம் நகர்த்திப் பாருங்கள். பழைய கணக்கையோ பின்னையோ கேட்காமல் 'புதிதாகத் தொடங்கலாம்' என்கிற மாதிரி போனால் வேலை முடிந்தது. அங்கேயே நிறுத்தி, ஸ்விட்ச் ஆஃப் செய்துவிடுங்கள். உங்கள் கணக்கை மட்டும் மறுபடி போட்டுவிடாதீர்கள். 'வேலை செய்யுதான்னு பார்த்தேன்' என்று போட்டுவிட்டு அப்படியே விற்றவர்களும் உண்டு.

அழித்த இடத்தை மறுபடி மறுபடி மூடி எழுதுவதாகச் சொல்லும் ஆப்கள் ப்ளே ஸ்டோரில் நிறைய இருக்கின்றன. உங்கள் தம்பி மகன் அடுத்து அதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். வேண்டாம். கரும்பலகையில் அழித்த இடத்திலேயே மறுபடி எழுதலாம். போன் மெமரி கரும்பலகை இல்லை, ரஃப் நோட்டு. அதன் செல்கள் குறிப்பிட்ட தடவைதான் எழுதித் தாங்கும். அதனால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் இருக்க, திருத்தி எழுதச் சொன்னால் சிப் வேறு ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளும். எதன்மேல் எழுதினோம் என்று அந்த ஆப்புக்கே தெரியாது. அதுவும் பூட்டிய தகவல் என்றால் எழுதவே தேவையில்லை. விளம்பரம் பார்த்ததுதான் மிச்சமாகும்.

"நாங்களே ஃபார்மட் அடிச்சிக்கிறோம்" என்று கடைக்காரர் சொன்னதில் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நான் பார்த்த வரையில், மொத்தமாக வாங்கிய போன்கள் அட்டைப்பெட்டியில் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். டெக்னீஷியன் பையன் சும்மா இருக்கும்போது ஒன்றை எடுத்துப் பார்ப்பான். பார்ட்ஸுக்காக வேறு ஊருக்கும் போகும். டிஸ்ப்ளே, கேமரா எல்லாம் சோதிக்க வேண்டும் என்றுதானே கேட்கிறார்கள்? ரீசெட் ஆன போனிலும் எல்லாவற்றையும் சோதிக்கலாம். பின் நம்பரை ஒரு சீட்டில் எழுதிப் போனின் முதுகில் ஒட்டிக் கொடுக்கிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப சகஜம். ஆதார் படம், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், பேரன் பேத்தி படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒட்டுகிற சீட்டு அது. உங்களுக்கு மனசு கேட்காமல் திரும்பி வந்தீர்களே, அது சரியான காரியம்.

போனை விற்றுவிட்டு வீட்டுக்கு வந்ததும் கூகுள் கணக்கில் 'செக்யூரிட்டி' பகுதிக்குள் 'யுவர் டிவைசஸ்' என்று இருக்கும். பழைய போனின் பெயர் அதில் இன்னும் இருந்தால் 'சைன் அவுட்' கொடுத்துவிடுங்கள்.

இனி 2014 போன். இது வேறு ஜாதி. அந்தக் காலத்து ஆண்ட்ராய்டில் பூட்டு தானாக வராது, நாமாகப் போட்டால்தான் உண்டு. கேம்பிரிட்ஜ்காரர்கள் சோதித்த தலைமுறைக்கு அடுத்த வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனவே இதில் வெறும் ரீசெட்டை நம்ப மாட்டேன். டிஸ்ப்ளே தெரிந்து டச் மட்டும் போயிருந்தால் ஒரு வழி இருக்கிறது. ஓடிஜி கேபிள் என்று கடையில் கேட்டால் கிடைக்கும், சார்ஜரையும் சேர்த்துச் சொருகக்கூடியதாகக் கேளுங்கள். அதில் கம்ப்யூட்டர் மவுஸைச் சொருகினால் பல போன்களில் திரையில் அம்புக்குறி வந்துவிடும், அதை வைத்தே எல்லாம் செய்யலாம். எல்லாப் பழைய போனும் ஓடிஜி ஏற்காது, உங்களுடையது ஏற்றால் அதிர்ஷ்டம். முதலில் அதில் இருக்கும் பழைய படங்களை வெளியே எடுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி', 'என்கிரிப்ட் போன்'. போடுகிற பாஸ்வேர்டு நாலு இலக்கமாக இருக்கக் கூடாது. எழுத்தும் எண்ணும் கலந்து, நினைவில் வைக்கவே முடியாத மாதிரி நீளமாக ஒன்றைச் சீட்டில் எழுதிப் போடுங்கள். சார்ஜரில் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், நடுவில் பிடுங்காதீர்கள். அது முடிந்ததும் ரீசெட். அதற்குப் பிறகு அந்தச் சீட்டைக் கிழித்துவிடலாம். அந்தத் தலைமுறையில் ரீசெட் சாவியை முழுசாக அழிக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. பாஸ்வேர்டு நீளமாக இருந்தால் அந்தச் சாவி கிடைத்தும் பிரயோஜனமில்லை.

மவுஸ் வேலை செய்யவில்லை என்றால் விற்காதீர்கள். அந்தப் போனுக்கு யார் என்ன விலை தரப்போகிறார்கள்? 'பழைய செல்போன், உடைஞ்ச செல்போனுக்குப் பிளாஸ்டிக் பாத்திரம்' என்று தெருவில் மைக்கில் கூவிக்கொண்டு வருகிறார்களே, அவர்களிடம் போட்டால் ஒரு டப்பா கிடைக்கும். ஒரு டப்பாவுக்காகப் பூட்டில்லாத பத்து வருஷத்துப் படங்களைத் தர வேண்டாம்.

அதற்கும் சுத்தியலை எடுக்க வேண்டாம். திரையை நொறுக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தகவல் திரையில் இல்லை. உள்ளே பச்சை போர்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சிப், அதில்தான் இருக்கிறது. சுத்தியல் அடி பேட்டரியில் விழுந்தால் தீப்பிடிக்கும். லித்தியம் பேட்டரி நசுங்கிப் பற்றினால் பெரிய விபரீதம், ஒரு பையனுக்குக் கை வெந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் போனின் பின்மூடி கழலுமானால் பேட்டரியை நீங்களே எடுத்துவிடலாம், அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில் கழலும். பிறகு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் போய், உங்கள் கண் முன்னாலேயே போர்டைக் கழற்றி அந்தச் சிப்பை மட்டும் உடைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை, டீக்காசு கொடுத்தால் போதும். மிச்சத்தையும் பேட்டரியையும் குப்பை வண்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கடைசியாக, 2019 போனை விற்கும் அன்று. ரீசெட் கொடுக்கும் முன்பே டயல் செய்யும் இடத்தில் *#06# அடித்தால், அந்தப் போனுக்கே உரிய அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், குறித்து வையுங்கள். அதற்குள் போன் ரீசெட் ஆகிவிட்டால் பெட்டியைப் பாருங்கள், அதன் மேலும் அச்சாகியிருக்கும். அந்த எண், தேதி, தொகை, வாங்கியவர் பெயர் எல்லாம் எழுதிக் கையெழுத்தோடு ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் அந்தப் போனை யாராவது வேண்டாத காரியத்துக்குப் பயன்படுத்தி, போலீஸ் எண்ணைத் தேடிக்கொண்டு வந்தால் காட்டுவதற்கு ஆகும். பெட்டியும் சார்ஜரும் இருந்தால் இன்னும் ஒரு 300 ரூபாய் சேர்த்துக் கேளுங்கள், தருவார்கள். பழைய பில்லைக் கேட்டால் மட்டும் ஒரு நகல் எடுத்து, அதில் உங்கள் வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் பேனாவால் அடித்துவிட்டுக் கொடுங்கள்.